பன்னிரண்டு அங்குலம் ஏ3 தாளில் அடங்காது

(வாசகர் கேள்வி – பதில்)

பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்வது பற்றிப் போன மாதம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி வேறு கதை பேசின. கணினியில் படமும் எழுத்தும் அலங்காரமும் சேர்த்து அழகழகாக ஸ்க்ராப்புக் பக்கம் செய்து வைத்திருக்கிறார்கள், அதைத் தாளில் கொண்டுவரத்தான் வழி தெரியவில்லை. சிங்கப்பூரில், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த ஒரு ஃபோட்டோ கடையில் 23 வருடம் கல்லாவுக்கும் இருட்டறைக்கும் நடந்தவள் நான். கடை இருந்த இடத்தில் இப்போது பபுள் டீ விற்கிறார்கள். ஃபிலிம் கழுவிய காலத்திலிருந்து பார்த்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

செங்காங் வாசகி: அக்கா, மகளுக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். வளைகாப்பில் தொடங்கி முதல் சோறு ஊட்டியது வரைக்கும் 26 பக்கம் செய்து முடித்துவிட்டேன். எல்லாமே 12க்கு 12 அங்குலம். பக்கத்து அச்சுக்கடையில் ஏ3 கலர் மலிவு என்கிறார் கணவர். ஃபோட்டோ கடையில் கொடுக்கலாம் என்கிறேன் நான். பக்கங்களை அச்சிட்டுப் புத்தகமாகவே கட்டித் தருகிற ஃபோட்டோபுக்காகச் செய்துவிடு என்கிறாள் தங்கை. நீங்கள்தான் பஞ்சாயத்து.

பஞ்சாயத்துக்கு முன்னால் ஒரு ஸ்கேல் எடுங்கள். ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர். 12 அங்குலம் என்பது 304.8 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் உதைக்கிறது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த 8 மில்லிமீட்டரில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு 40 பக்கம் செய்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கோலப்புள்ளி மாதிரி ஒரு பார்டர். விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள், என் வேலைக்கு மட்டும் அவசரப்பட்டு ஓர் அச்சுக்கடையில் கோப்பைக் கொடுத்து, “எல்லாம் ஏ3, கலர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர்களுடைய இயந்திரம் “தாளுக்கு ஏற்றபடி சுருக்கு” என்கிற அமைப்பில் இருந்திருக்கிறது. தாளின் ஓரத்தில் மை படாத வெள்ளை விளிம்பு வேறு. வெட்டிப் பார்த்தால் பக்கம் பதினொன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆல்பத்தின் 12 அங்குல பிளாஸ்டிக் உறையில் போட்டதும் உள்ளே அங்குமிங்கும் வழுக்குகிறது. ஆல்பத்தைத் தூக்கினால் எல்லாப் பக்கமும் ஒரு மூலைக்குச் சரிந்து நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான், “என்னடி, தைத்த சட்டை தொளதொளன்னு இருக்கு?” என்றார்.

ஆக, அச்சுக்கடைக்குத்தான் போவீர்கள் என்றால் எஸ்ஆர்ஏ3 தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். அது 320க்கு 450 மில்லிமீட்டர். 12 அங்குலம் தாராளமாக உட்காரும், வெட்டுவதற்கும் இடம் மிஞ்சும். “100 விழுக்காட்டு அளவில் அடியுங்கள், சுருக்க வேண்டாம்” என்பதை வாயால் சொன்னால் போதாது, ஆர்டர் தாளில் எழுத வையுங்கள். சன்ஷைன் பிளாசாவில் வரிசையாக அச்சுக்கடைகள் இருக்கின்றன, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸிலும் உண்டு. நாலு கடை ஏறி இறங்கினால் தாளைத் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். அலுவலகத்தில் போடுகிற 80 கிராம் தாள் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அது) ஆல்பத்துக்கு ஆகாது. 250 கிராமுக்குக் குறையாத அட்டைத்தாள் கேளுங்கள்.

ஃபோட்டோ கடையில் நடப்பது வேறு சங்கதி. அச்சுக்கடை இயந்திரம் பொடி மையைச் சூட்டில் தாளோடு ஒட்டுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், மடித்தால் மடிப்பில் உரியும். ஃபோட்டோ கடையில், பழைய முறையை இன்னும் விடாதவர்களாக இருந்தால், ஒளி பட்டால் நிறம் மாறும் தாளில் லேசரால் படத்தை விழச்செய்து மருந்தில் கழுவி எடுப்பார்கள். அதில் புள்ளியே இருக்காது. குழந்தையின் கன்னம் கன்னமாகவே இருக்கும். அந்த இயந்திரங்கள் பலவற்றில் தாள்சுருள் 12 அங்குல அகலம், உங்கள் பக்கத்துக்கு அளவெடுத்தது போல. ஆனால் இப்போது பல கடைகள் மருந்தை விட்டுவிட்டு மை தெளிக்கும் இயந்திரத்துக்கு மாறிவிட்டன. அதுவும் மோசமில்லை. எது என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடையில் கொடுக்காதீர்கள்.

ஃபோட்டோபுக்கின் வசதியை நான் மறுக்கவில்லை. கட்டு நேர்த்தியாக வரும், எடை குறைவு, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்றால் அதே கோப்பை மறுபடி அனுப்பினால் முடிந்தது. ஆனால் கட்டிய பிறகு ஒரு பக்கம்கூடச் சேர்க்க முடியாது, எடுக்க முடியாது. முதல் வருட ஏட்டைப் பொறுத்தவரை எனக்கு அது பெரிய குறை. நாளைக்கு யாராவது ஒரு மாமா தன் கைபேசியில் கிடந்த காதுகுத்துப் படத்தை அனுப்புவார், அதற்கு இடம் வேண்டாமா?

என் தீர்ப்பு: வீட்டுக்கு ஃபோட்டோ கடையில் தனித்தனிப் பக்கமாக எடுத்து 12 அங்குல உறை ஆல்பத்தில் போடுங்கள். ஊருக்கு 8க்கு 8 அங்குலத்தில் சின்ன ஃபோட்டோபுக் ஒன்று செய்து அனுப்புங்கள். கணவரின் யோசனையும் வீணில்லை. 26 பக்கத்தில் ரொம்ப இருட்டான படமும் ரொம்பப் பொடி எழுத்தும் இருக்கிற ஒரே ஒரு பக்கத்தை இரண்டு இடத்திலும் அடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தேறினால் மற்றதெல்லாம் தேறிவிடும்.

8 அங்குலத்துக்குச் சுருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 12 அங்குலப் பக்கத்தில் 8 புள்ளி எழுத்தளவில் (பாயின்ட்) எழுதியது அங்கே ஐந்தேகால் புள்ளிக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். ஆங்கில எழுத்தென்றால் கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். தமிழில் ‘ண’, ‘ணை’ எல்லாம் சுழியடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும்.

தெம்பனீஸ் வாசகர்: திரையில் பளபளவென்று இருந்த தீபாவளிப் பக்கங்கள் அச்சில் மங்கி, இருண்டு வந்துவிட்டன. சிராங்கூன் சாலை அலங்கார விளக்குப் படம் புகைமூட்டமாக இருக்கிறது. கடைக்காரர் சரியாகத்தான் அடித்தேன் என்கிறார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை தம்பி. திரை தானே ஒளி விடுகிறது. தாள் அறையில் இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு பக்கம் செய்திருப்பீர்கள். அதைப் பாதிக்கு இறக்குங்கள், பகலில் சன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் வரை இறக்குங்கள். அப்போது பார்த்தால் உங்கள் விளக்குப் படம் திரையிலேயே இருட்டாகத்தான் இருக்கும். அங்கேயே வெளிச்சம் கூட்டுங்கள்.

மங்கலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கேமராவிலோ மென்பொருளிலோ நிற அமைப்பு ‘அடோபி ஆர்ஜிபி’ என்று இருந்தால், அதைப் படிக்கத் தெரியாத கடை இயந்திரம் நிறத்தைச் சப்பென்று ஆக்கிவிடும். சேமிக்கும்போது ‘எஸ்ஆர்ஜிபி’ என்று மாற்றுங்கள். இன்னொன்று, கடையில் கொடுக்கும்போது “தானியங்கித் திருத்தம் வேண்டாம்” என்று சொல்லுங்கள். அந்த இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு முகம் என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். நீங்கள் ஆசையாகப் போட்ட மயில்பச்சைப் பின்னணியைப் பார்த்து, “ஐயோ, யாருக்கோ முகம் பச்சையாகிவிட்டது” என்று சிவப்பைச் சேர்த்துவிடும்!

அப்புறம், திரையில் தெரிகிற நியான் இளஞ்சிவப்பு, மின்நீலம் இரண்டும் எந்தத் தாளிலும் அப்படியே வராது. அதற்காகக் கடைகடையாக அலையாதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட் ஆசிரியை: மாணவர்களின் பொங்கல் கொண்டாட்டத்தை ஏடாகச் செய்தோம். என் கணினியில் தமிழ் சரியாக இருந்தது. அச்சாகி வந்தபோது ‘பொங்கல்’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சில பக்கங்களில் வெறும் கட்டங்கள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

டீச்சர், இந்த ஊரில் தமிழில் அச்சடிக்கும் எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். கோயில் அழைப்பிதழ் தொடங்கிக் கல்யாணப் பத்திரிகை வரை பார்த்திருக்கிறேன்.

இரண்டு வெவ்வேறு நோய் இது. கட்டம் கட்டமாக வந்தால், கடையின் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நீங்கள் திருத்தக்கூடிய கோப்பையே அனுப்பியிருப்பீர்கள். அதற்கு மருந்து சுலபம். முழுப் பக்கத்தையும் ஜேபெக் படமாகவோ, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் கோப்பாகவோ மாற்றி அனுப்புங்கள். படமாகிவிட்டால் எழுத்தும் படம்தான், எவர் கணினியிலும் உடையாது. ஜேபெக் தரத்தை மட்டும் மிக உயர்ந்ததில் வையுங்கள். குறைத்தால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்குப் படியும்.

கொம்பும் காலும் பிரிந்தால் அது மென்பொருளின் கோளாறு. ‘பொ’ என்பதற்குக் கணினி மனத்தில் வைத்திருப்பது ‘ப’, அதன் பிறகு ‘ஒ’வின் குறி. கொம்பை எடுத்து முன்னால் போட்டு, காலைப் பின்னால் போடும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய மென்பொருளுக்கு அது தெரியாது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால், எழுத்து அமைப்பில் ‘மத்தியக் கிழக்கு, தெற்காசியா’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூடித் திறந்தால் சரியாகிவிடும். அப்படியும் மசியாத மென்பொருளுக்கு நான் செய்கிற குறுக்குவழி: வரியை வேர்டில் பெரிய எழுத்தாக அடித்து, பிடிஎஃப் ஆக்கி, அதைப் படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன்.

எழுத்து சரியாக வந்தாலும் ஒரு சோதனை பாக்கி. அனுப்பப்போகும் அதே கோப்பை, தமிழ் தெரிந்த இன்னொருவர் கைபேசியில் திறந்து படிக்கச் சொல்லுங்கள். செய்தவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. ‘வாழ்த்துகள்’ என்று நினைத்துக்கொண்டு ‘வாழ்துகள்’ என்பதை நான் நாலு நாள் பார்த்திருக்கிறேன். கடையில் உள்ள சீனத் தம்பியோ மலாய்த் தங்கையோ அதைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

அங் மோ கியோ வாசகர்: பணி ஓய்வு பெற்றவன். வீட்டில் ஏ4 பிரிண்டர் இருக்கிறது. பேரன் பேத்திக்கு ஏடு செய்ய இதுவே போதுமா?

8க்கு 8 அங்குலம் என்றால் போதும் ஐயா. ஏ4 அகலம் 210 மில்லிமீட்டர், அதாவது எட்டேகால் அங்குலம். 8 அங்குலச் சதுரம் சரியாக உட்காரும். 12 அங்குலம் வேண்டுமென்றால் ஏ3+, அதாவது ஏ3-ஐவிடச் சற்றுப் பெரிய தாள் அடிக்கிற பெரிய பிரிண்டர் வேண்டும். மையின் விலையைக் கேட்டால் கடையே தேவலாம் என்பீர்கள்.

ஃபோட்டோ தாள் வாங்கிப் போடுவது மட்டும் போதாது. அச்சடிக்கும்போது வரும் பட்டியலில் தாள் வகையை ‘சாதாரணத் தாள்’ என்பதிலிருந்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பளபளப்புத் தாளில் மை எண்ணெய்த் துளி மாதிரித் தேங்கும். பலரும் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பது இதைத்தான்.

மை என்ன வகை என்று பாருங்கள். சாயமை நிறத்தில் எடுப்பாக இருக்கும், ஆனால் வெளிச்சமும் ஈரமும் ஆகாது. நிறமித்துகள் மை கொஞ்சம் அடக்கமாக இருந்தாலும் நீண்ட நாள் தாங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். அடித்த கையோடு உறைக்குள் தள்ளினால் உள்ளே புழுங்கி, பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். ஒரு முழு நாள் காற்றாட விரித்து வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், எங்கள் வீட்டில் பக்கம் பறந்துபோய், அதன் மேல் பூனை படுத்துக்கொண்டது.

உறை வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். புது ரெயின்கோட் மாதிரி நெடி அடித்தால் அது பிவிசி, வைத்துவிடுங்கள். படம் அதோடு ஒட்டிக்கொள்ளும். பசைக் கோடு போட்ட பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் அந்தக் காலத்து ஆல்பமும் அப்படித்தான். என் கல்யாணப் படங்களில் பாதியை இன்னும் அதிலிருந்து பிரிக்க முடியவில்லை.

பிடோக் வாசகி: வாட்ஸ்அப்பில் வந்த படங்களை வைத்துச் செய்யலாமா?

சின்னதாகப் போட்டால் செய்யலாம். சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாட்டில் சுமார் 1600 புள்ளிக்கு (பிக்சல்) சுருங்கிவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று கணக்கு வைத்தால், அது ஐந்து அங்குலத்துக்குத்தான் காணும். 200 என்று கையைத் தளர்த்தினால் எட்டு அங்குலம். முழுப் பக்கத்துக்கு இழுத்தால் பல்லிளிக்கும். அனுப்புகிறவரிடம், படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும்.

இதே கணக்குதான் பக்கத்துக்கும். 12 அங்குலப் பக்கம் என்றால் 3600க்கு 3600 புள்ளி. தொடங்கும்போதே அந்த அளவில் தொடங்குங்கள். கேன்வா என்கிற வடிவமைப்புச் செயலியில் இன்ஸ்டகிராம் சதுரத்தைத் திறந்து 1080 புள்ளியில் 50 பக்கம் செய்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். 300 புள்ளிக் கணக்கில் அது மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உட்லண்ட்ஸ் வாசகி: பக்கங்களை லேமினேட் செய்யலாமா?

வேண்டாம். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஓரம் விட்டுப்போனால் ஈரம் உள்ளே போகும், வெளியே வராது. சமையல் குறிப்புக்குச் செய்யுங்கள்.

பொங்கோல் தம்பதி: மகன் தேசிய சேவையில் அடிப்படை ராணுவப் பயிற்சி முடித்துவிட்டான். பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் படகு ஏறிய நாளிலிருந்து அணிவகுப்பு வரை ஃபோட்டோபுக்காகச் செய்கிறோம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரித்துப் போட்ட குழுப் படத்தில் நடுவில் நிற்கும் அவன் முகம் மடிப்பில் போய்விடும் என்று பயம்.

போகத்தான் போகும். சாதாரணக் கட்டில் நடு மடிப்பு இருபக்கமும் கொஞ்சம் விழுங்கிவிடும். முழுசாக விரிந்து படுக்கும் கட்டு ஒன்று உண்டு, ‘லேஃபிளாட்’ என்று கேளுங்கள். விலை கூடும், பக்கமும் தடிமனாக இருக்கும். அதிலும்கூட முகத்தை மடிப்புக்கு நேராக வைக்க மாட்டேன் நான். படத்தை ஒரு விரற்கடை இடது பக்கம் நகர்த்துங்கள், மகன் தப்பித்துக்கொள்வான்.

வெளி ஓரத்திலும் வெட்டு உண்டு. பெரும்பாலும் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு என்று கேட்பார்கள். பின்னணியை அதுவரை நீட்டுங்கள், எழுத்தையும் முகத்தையும் உள்ளே அரை அங்குலம் தள்ளி வையுங்கள். ஓரத்தை ஒட்டி மெல்லிய கோட்டு பார்டர் போடவே வேண்டாம். கத்தி ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் காட்டிக்கொடுத்துவிடும்.

தோ பாயோ வாசகி: சின்னப் பக்கங்களுக்குக் காசு மிச்சம் பிடிக்க ஏதாவது உண்டா ஆன்ட்டி?

உண்டு. ஃபோட்டோ கடையில் எஸ்8ஆர் என்று ஓர் அளவு இருக்கிறது, 8க்கு 12 அங்குலம். உங்கள் 8 அங்குலச் சதுரத்தை அப்படியே கொடுத்தால் மீதி 4 அங்குலம் வெள்ளையாக வரும், இல்லையென்றால் கடைக்காரர் அறியாமல் பக்கத்தையே வெட்டிப் பெரிதாக்கிவிடுவார். அதனால் நீங்களே 2400க்கு 3600 புள்ளியில் ஒரு தாள் திறந்து, மேலே 8 அங்குலப் பக்கத்தையும் கீழே 4க்கு 4 சதுரம் இரண்டையும் அடுக்கிக் கொடுங்கள். ஒரு படத்தின் காசில் மூன்று. வெட்டுவதற்கு இரும்பு ஸ்கேலும் புது பிளேடு போட்ட பென்நைஃபும் போதும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் லேசாக மூன்று இழுப்பு இழுங்கள்.

அந்த 4 அங்குலச் சதுரங்களில் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் பக்கங்களைத்தான் நான் திரும்ப எடுத்தேன், கோலப் பார்டர் முழுசாக இருக்கும்படி. ஒன்று சித்தி வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இருக்கிறது. போகும்போதெல்லாம், “இது சட்டை சரியா இருக்கு” என்பார்.